கியர் பொக்ஸ் இறக்கினோம் என்றார்கள், போல்ட்டில் இருந்த சேறுகூட அசையவில்லை

திருகோணமலையில் கிளச் வேலைக்கு வாகனம் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 78,500 ரூபாய். காசை விடுங்கள். இரவு இரண்டரை மணிக்கு அக்போபுரவுக்கு அங்கால், யானை கடக்கிற இடத்தில், கியர் விழாத வாகனத்தோடு நானும் மச்சானும் நின்றதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடிக்கிறது.

எங்களிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த ஒரு ஹைலக்ஸ் பிக்கப். கிழமைக்கு மூன்று நாள் தம்புள்ளைக்குப் போய் மரக்கறி ஏற்றி வந்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போடுகிறோம். அந்த வாகனம் நின்றால் இரண்டு வீட்டில் அடுப்பு நிற்கும்.

முதலில் கிளச் பெடல் மெத்தென்று போனது. பிறகு ஒருநாள் அனுராதபுரச் சந்தியில் நிறுத்தி எடுக்கும்போது முதலாம் கியர் விழவில்லை, கறகறவென்று அரைத்தது. பெடலை இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால் விழும். பொனட்டைத் திறந்து பார்த்தால் கிளச் ஒயில் டப்பாவில் பாதிதான் இருந்தது. ஊற்றினேன். நாலு நாளில் மறுபடி குறைந்தது.

நகரத்துக்குள்ளேயே ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் எழுதவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது. ஒயில் குறைகிற கதையை முதலாளியிடம் ஒழுங்காகச் சொன்னேன். அவர் பொனட்டைத் திறக்கவில்லை, கீழே குனிந்தும் பார்க்கவில்லை. ஏறி இருந்து பெடலை இரண்டு தரம் மிதித்துவிட்டு, "கிளச் பிளேட் முடிஞ்சுது தம்பி. கியர் பொக்ஸ் இறக்கவேணும். விட்டுட்டுப் போங்க, நாளையிண்டைக்கு வாங்க" என்றார்.

விட்டுவிட்டுப் போனேன். நான் விட்ட பிழை அதுதான்.

மூன்றாம் நாள் கையில் தந்தது சீஆர் கொப்பியில் கிழித்த ஒரு தாள். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் செட் 52,000. கீழ்ப் பம்ப் (பெடலை மிதிக்கும்போது ஒயில் அழுத்தத்தில் கிளச்சை விடுவிக்கிற சாமான்) புதுசு 9,500. கூலி 15,000. ஒயில் 2,000. கடையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. பழைய சாமானைக் கேட்டேன். "இரும்புக்காரன் காலையிலேயே வந்து கொண்டுபோட்டான்" என்றார். கீழே குனிந்து பார்த்தேன், பம்ப் பளபளவென்று வெள்ளியாக இருந்தது. பெடலும் நன்றாக இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்தொன்பதாம் நாள் இரவு. வெறும் வாகனத்தோடு தம்புள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கந்தளாயைத் தாண்டி அக்போபுரவும் கழிந்து, முன்னால் போன லொறி ஒன்று யானையைக் கண்டு நின்றது. நானும் கிளச்சை மிதித்தேன். பெடல் தரையோடு ஒட்டிவிட்டது, மேலே வரவில்லை. இஞ்சின் குலுங்கி நின்றது. யானை ஒதுங்கிய பிறகு லொறி போய்விட்டது. எங்களுக்கு எந்தக் கியரும் விழவில்லை. மச்சான் டோர்ச்சைக் காட்டில் அடித்துக்கொண்டே, "அத்தான், இறங்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. கடைசியில் இஞ்சினை நிறுத்திவைத்து முதலாம் கியரைப் போட்டு, அப்படியே ஸ்டார்ட்டரை அடித்தேன். வாகனம் துள்ளித் துள்ளிப் புறப்பட்டது. திரும்பிக் கந்தளாய் வரும்வரை கியரை மாற்றவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

விடியும்வரை காத்திருந்து அங்கே வயதான ஒரு நாநாவின் கராஜுக்குப் போனோம். அவர் செய்த முதல் வேலை, ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்ததுதான். கீழ்ப் பம்பின் முனையில் இருக்கும் றப்பர் தொப்பியை விரலால் பின்னுக்கு இழுத்தார். ஒயில் பொலபொலவென்று அவருடைய மணிக்கட்டில் ஊற்றியது. "வாங்க தம்பி, நீங்களே பாருங்க" என்று என்னையும் படுக்கச் சொன்னார்.

ஒயில் வழிந்த பக்கம் முழுக்கச் சில்வர் பெயின்ற் தோல் உரிந்ததுபோல் சுருண்டு கிடந்தது. உள்ளே பழைய துரு. பிறேக் ஒயில் பெயின்றைத் தின்னும். கிளச்சுக்கு ஊற்றுவதும் அதே ஒயில்தான். என்னுடைய பழைய பம்புக்கே பெயின்ற் அடித்து, உள்ளே றப்பரை மட்டும் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். நாநா அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சிலிண்டரின் உள்சுவரில் அரிசிமணி அளவில் துரு அரித்த குழிகள். புது றப்பர் அதற்குமேல் ஓடி ஓடி விளிம்பு கிழிந்திருந்தது. குழி விழுந்த சிலிண்டருக்கு எத்தனை றப்பர் போட்டாலும் இதே கதைதான், முழுப் பம்பையும் மாற்றவேண்டும் என்றார்.

பிறகு அவர் டோர்ச்சை மேலே திருப்பினார். கியர் பொக்ஸை இஞ்சினோடு பிடிக்கிற பெரிய போல்ட்டுகள். ஒவ்வொன்றிலும் வருடக்கணக்கான கிறீஸும் சேறும் காய்ந்து மண்பானை ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. ஒன்றில்கூட ஸ்பனர் பட்ட அடையாளம் இல்லை. கியர் பொக்ஸை இறக்கவே இல்லை! அப்படியானால் 52,000 ரூபாய்க்கு எழுதிய பிளேட் எங்கே? என் கை நடுங்கிவிட்டது. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

இதில் விளங்காத வித்தை எதுவும் இல்லை. பெடலை மிதித்தால் மேல் பம்ப் ஒயிலைக் குழாயில் தள்ளும். அது கீழ்ப் பம்புக்கு வந்து ஒரு கம்பியை வெளியே தள்ளும். அந்தக் கம்பி கிளச்சை விடுவிக்கிற கவையைத் தள்ளும். எங்களுடைய மாதிரி பழைய பிக்கப்களில் கீழ்ப் பம்ப் வெளியே, இரண்டு போல்ட்டில் இருக்கிறது. புது வாகனங்கள் சிலவற்றில் அது கியர் பொக்ஸுக்கு உள்ளே இருக்கும், அவற்றுக்கு உண்மையிலேயே இறக்கத்தான் வேண்டும். உங்களுடையது எந்த மாதிரி என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள்.

பிளேட் முடிந்தால் இஞ்சின் கத்தும், வேகம் ஏறாது, ஏற்றத்தில் கருகல் மணம் வரும். கியர் அரைப்பது, பெடல் கீழே போவது, ஒயில் குறைவது என்றால் முதலில் பம்பைத்தான் பார்க்கவேண்டும். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு அந்தக் கம்பி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் நோய் ஒயில் பக்கத்தில். சில வேளை வெளியே ஒழுகாமலே மேல் பம்புக்குள் அழுத்தம் நழுவும், ஆகவே கீழே காய்ந்திருக்கிறது என்பதற்காகப் பிளேட்டில் பழி போட விடாதீர்கள். மேல் பம்ப் ஒழுகினால் பெடலுக்கு மேலே, உங்கள் கால்பக்கம் ஈரம் இருக்கும்.

நாநா பையனை அனுப்பிப் பெட்டியோடு புதுப் பம்ப் எடுப்பித்தார். பழையதன் உடலில் வார்த்திருந்த அளவையும் புதியதன் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பூட்டினார். சிலிண்டர் பெரிதாகிவிட்டால் கம்பி ஓடும் தூரம் குறைந்துவிடுமாம். ஒயில் குழாய்க்குள் நின்ற எயரை எடுக்கும்போது மச்சான் மேலே மிதிக்க, இவர் கீழிருந்து "அமத்துங்க... பிடிங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லி நிப்பிளைத் திறந்து மூடினார். போத்தலுக்குள் முதலில் வந்தது பிளேன்டீ நிறத்தில், குமிழி குமிழியாக. கடைசியில் தெளிந்த ஒயில் வந்தது. பிறேக் ஒயில் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், அந்தத் தண்ணீர்தான் சிலிண்டரை உள்ளே துருப்பிடிக்க வைக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள் என்றார். நான் வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை.

பம்ப் 8,200, ஒயில் 1,300, கூலி 2,000. மொத்தம் 11,500. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

படங்களோடு திருகோணமலைக் கராஜுக்குப் போனேன். "லோட் ஏத்தி ஓடினா உடையும்தானே தம்பி" என்றார். பம்ப் உடைவது சரி, போல்ட்டில் சேறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. கூட்டம் சேர்ந்ததும் 20,000 ரூபாயை எடுத்து நீட்டினார். எல்லாம் தீர்ந்தது என்று எழுதிக் கையொப்பம் கேட்டார். நான் வாங்கவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை செய்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அவர்களுடைய இலக்கம் 1977. கேட்டால் பில் தரவேண்டியது கடைக்காரரின் கடமை. அந்தக் கொப்பித் தாளோடு நான் நிற்கிறேன், நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

பழைய பம்ப் ஒரு சொப்பிங் பையில் வீட்டில் இருக்கிறது. பெயின்ற் உரிந்த பக்கத்தைத் துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், விசாரணைக்குக் கூப்பிட்டால் கொண்டுபோக. அந்தப் பழைய பிளேட்டோடுதான் இன்றைக்கும் தம்புள்ளைக்கு ஓடுகிறோம், ஒரு தரம்கூட வழுக்கவில்லை. உங்களில் யாரிடமாவது நகரத்துக்குள் கியர் பொக்ஸ் இறக்கியதாகச் சொல்லிக் காசு வாங்கியிருந்தால், வாகனத்தைக் கழுவ முதல் கீழே படுத்து அந்தப் போல்ட்டுகளைப் பாருங்கள். சேறு இருந்தால் படம் எடுத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.