15,000 ரூபாய் ஆலோசனைக் கட்டணம்: கொடுத்ததில் வருத்தமில்லை

வீட்டுக்காரர் தவறிய பிறகு பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து என் கணக்கில் 38 லட்சம் ஏறியது. அடுத்த வாரமே வங்கியிலிருந்து ஒரு பையன் வீடு தேடி வந்தான். "எஃப்.டி. மாதிரிதாம்மா, வட்டி கொஞ்சம் கூட வரும்" என்றான். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மறு வருஷமும் இரண்டு லட்சம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோதுதான் அது காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசி, ஐந்து வருஷத்துக்குப் பணத்தை எடுக்க முடியாது என்று தெரிந்தது. பாலிசியைத் திருப்பிக் கொடுக்கத் தரும் 30 நாள் அவகாசம் எப்போதோ முடிந்திருந்தது.

மகள்தான் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் இணையதளத்தில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் பட்டியலைப் பார்த்து, கோவையிலேயே ஒருவரிடம் அழைத்துப் போனாள். இவர்களின் பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். ஏ.ஆர்.என். எண் வைத்திருப்பவர்கள் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்கள். நாம் போடும் பணத்தை வைத்து அவர்களுக்குக் கமிஷன் வரும். அதிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதில் போடலாம் என்று விற்பவரிடமே கேட்க எனக்கு இனி மனசு வராது.

முதல் நாள் அவர் எந்தத் திட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. "மாசம் வீட்டுக்கு எவ்வளவு ஆகுதுங்கம்மா?" என்றுதான் கேட்டார். மளிகை, மருந்து, கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். 22,000 வந்தது. பென்ஷனும் மாடி வீட்டு வாடகையும் சேர்ந்தால் 9,000. பிறகு நான் கொண்டுபோன காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு பழைய எஃப்.டி. ரசீதில் விரலை வைத்து, "நாமினியா இன்னும் சார் பேர்தான் இருக்குதுங்கம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. இரண்டு வருஷமாக அந்த ரசீது என் பீரோவில்தான் இருந்தது. நான் பார்க்கவே இல்லை.

அவர் சொன்ன ஏற்பாடு இது. 20 லட்சம் தபால் அலுவலகத்தில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வரும். மாதத் துண்டு அதிலேயே அடைபடும். ஐந்து லட்சம் ஆத்திர அவசரத்துக்கு எஃப்.டி. மீதியில் ஒரு பகுதி கமிஷன் இல்லாத டைரக்ட் ஃபண்டுகளில். யூலிப்புக்கு இனிமேல் கட்ட வேண்டாம் என்றார். பிடித்தம் போக மீதி தனி நிதிக்கு மாறிவிடுமாம். குறைந்தது 4 சதவீத வட்டியோடு ஐந்து வருஷம் முடிந்ததும் கைக்கு வருமாம். நஷ்டம்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

குறைகளும் உண்டு. போன் செய்தால் திரும்பக் கூப்பிட இரண்டு நாள் ஆகிறது. 14 பக்க அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. மகள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொன்னாள். என் பணத்தைப் பற்றிய காகிதம் எனக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டாமா? அடுத்த மாதம் வருஷக் கணக்குப் பார்க்கப் போகிறேன். தமிழில் எழுதித் தந்தால்தான் இந்த வருஷக் கட்டணம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். சரிங்கம்மா என்றிருக்கிறார்.