டிஸ்கில் இடமில்லை என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, நாட்டுக்கல், வேலந்தாவளம் பக்கத்துக்காரர்கள் யாராவது பழைய கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாலக்காட்டில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் திருமணம் 2006இல் நடந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டிஜிட்டல் கேசட் நான்கு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தன. அக்கா அதைப் பார்க்க வேண்டும் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பென் டிரைவ், யூடியூப் எதுவும் ஆகாது. டிவிடியைத் தட்டில் வைத்துப் பொத்தானை அழுத்தத் தெரியும், அவ்வளவுதான். எனவே டிவிடி.

கடைக்காரர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். 1,500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனால், "அண்ணா, ஸ்தலம் போரா" என்றார். எங்களுக்கு ஸ்தலம் என்றால் மருதமலை, பழனி. அவர் சொன்னது ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை என்று. நான்கு மணி நேரப் படம் மிகவும் நீளமாம், கடை டிஸ்க் தாங்கவில்லையாம், புதிதாக 1 டிபி (ஆயிரம் ஜிபி) டிஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்தால் முடித்துவிடலாமாம். வாங்கி வரும் சிரமம்கூட எனக்கு வைக்கவில்லை, கடையிலேயே இருந்தது. 5,200 ரூபாய். அதே டிஸ்க் பொள்ளாச்சியில் 4,300 என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் டிஸ்கைக் கையில் கொடுத்து, வீட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். பந்தக்கால், பந்தி, அப்புச்சி துண்டை உதறித் தோளில் போடுவது, எல்லாம் வந்தது. இணைச்சீருக்கு (மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் சடங்கு) அக்கா என் பக்கத்தில் வந்து நிற்கிறாள், கையை நீட்டுகிறாள், படம் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினோம். அதே கை, அதே இடம். 19 நிமிடம் 53 நொடி.

மறுநாள் கடைக்குப் போனேன். "இப்போதும் ஸ்தலம் போரா, இன்னும் பெரிய டிஸ்க் வேண்டியிருக்கும்" என்றார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தென்னந்தோப்புக்காரனுக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம். கணக்குத் தெரியாமல் இருக்காது. நான்கு மணி நேரத்தில் இருபது நிமிடம்கூட முழுதாக ஏறவில்லை, அதற்குள் 1 டிபி நிரம்பிவிட்டதா?

டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்து பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகனிடம் கொடுத்தேன். அவன் டிஸ்கின் மேல் வலது கிளிக் செய்து பிராபர்ட்டீஸைத் திறந்தான். 931 ஜிபியில் 927 ஜிபி காலியாக இருந்தது. (1 டிபி என்று விற்பதைக் கணினி 931 என்றுதான் காட்டும்; அது ஏமாற்று இல்லை.) அதற்கு மேலே ஒரு வரியைக் காட்டி, "மாமா, இதுதான் காரணம்" என்றான். ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை: ஃபேட் 32.

ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. களம் காலியாகத்தான் கிடக்கிறது, சாக்குதான் சிறியது. எங்கள் வகைக் கேசட்டைத் தரம் குறைக்காமல் கணினிக்கு எடுத்தால் நொடிக்கு 3.6 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும். 4 ஜிபிக்கு வகுத்துப் பார்த்தால் 19 நிமிடம் 53 நொடி. அக்காவின் கை நின்ற இடம்.

புது டிஸ்க் பெரும்பாலும் இந்த முறையில் வருவதில்லை. எல்லாப் பழைய தொலைக்காட்சியிலும் ஓடட்டும் என்று கடைக்காரரே மாற்றி ஃபார்மட் செய்திருக்கிறார். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் விட்டிருந்தால் இந்த 1 டிபி டிஸ்கே போதும். அவருக்குத் தெரியாமல் நடந்ததா, தெரிந்தே டிஸ்க் விற்றாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெரியாமல் என்றால், தெரியாத வேலைக்கு 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

இதைச் சொன்னதும் முகம் மாறியது. இரண்டு நாளில் டிவிடியே கொடுத்துவிட்டார், இரண்டு பிரதிகள். ரசீது மலையாளத்தில் இருந்தது. நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். மலையாளம் தாராளமாகப் பேசுவேன், எழுத்தைக் கூட்டிக்கூட்டித்தான் படிப்பேன். மகள்தான் வாசித்தாள்: டூயல் லேயர் டிவிடி இரண்டு, 700 ரூபாய். டூயல் லேயர் என்றால் 8.5 ஜிபி. கணினியில் போட்டுப் பார்த்தால் தட்டில் இருந்தது மொத்தமே 4.3 ஜிபி. சாதாரண 4.7 ஜிபி தட்டு. நான்கு மணி நேரத்தையும் அதற்குள் அமுக்கியிருக்கிறார். அந்தத் தட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் படம் நன்றாக இருக்கும். நான்கு மணி நேரம் வைத்தால் மாலை மாற்றும்போது பூவெல்லாம் சதுரம் சதுரமாக உடைகிறது. அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

சரி, கணினியில் எடுத்து வைத்த மூலப்படத்தையாவது கொடுங்கள் என்றேன். "அது அழிச்சாச்சு அண்ணா, ஸ்தலம் வேண்டே" என்றார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அந்தக் கேசட்டை மறுபடி எடுக்க வேண்டும் என்றால் நான்கு மணி நேரமும் பழைய கேமராவில் ஓடியாக வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடா சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மூலப்படத்தின் பிரதி கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துவிட்டேன்.

பிறகு அதே அக்கா மகன் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வீட்டிலேயே செய்தான். மூலப்படம் 52 ஜிபி. வெட்டி ஒட்டிய படம் அதே அளவுக்கு இன்னொரு 52. டிவிடிக்கான சுருக்கிய கோப்பு, தட்டில் ஏறும் ஃபோல்டர், தட்டில் பதிவதற்கான இமேஜ் கோப்பு என்று ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று முறை 4.4 ஜிபி, இரண்டு தட்டுக்கு 26. மொத்தம் 130 ஜிபிதான். அவனுக்கும் ஒருமுறை பாதியில் நின்றது. எடிட்டிங் மென்பொருள் தற்காலிகக் கோப்புகளை எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கும் சி டிரைவில் கொட்டியிருந்தது. அங்கே 11 ஜிபிதான் காலி. மென்பொருளின் செட்டிங்ஸுக்குள் போய் அதைப் பெரிய டிஸ்குக்கு மாற்றிவிட்டான், ஓடியது. உண்மையாகவே இடம் போதாமல் போனது அந்த ஒரு முறைதான், அதற்குச் செலவு ஒரு ரூபாயும் இல்லை.

கடைக்காரர் 700 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். 5,200 பற்றிக் கேட்டால், டிஸ்க் உங்களிடம்தானே இருக்கிறது என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் தட்டில் இணைச்சீர் முழுதாக இருக்கிறது. நான்காவது கேசட்டின் கடைசி ஆறு நிமிடம் மட்டும் கோடு கோடாக வருகிறது. நாடாவில் அந்த இடம் கசங்கியிருக்கிறது. கடைக்குக் கொடுக்கும்போது கசங்கியிருக்கவில்லை.