சதுர அடைப்பா [ ], ‘கெட்’டா (get)?

போடி ஏலக்காய் வியாபாரிக்குப் பைத்தான் நிரல்மொழியில் கணக்கு எழுதுகிறோம். ஏலத்துக்கு வரும் சரக்குத் தொகுதிகளை (லாட்) ‘லாட்கள்’ என்ற டிக்சனரியில், அதாவது கீயைக் கொடுத்தால் அதற்குரியதை எடுத்துத் தரும் பட்டியலில், வைக்கிறோம். லாட் எண்தான் கீ. ஒவ்வொரு லாட்டும் விலை போன்ற விவரங்களை வைத்திருக்கும் ஓர் ஆப்ஜெக்ட். லாட்கள்[42].விலை என்றால் விலை வந்துவிடும் (பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும்). 42 இல்லையா? கீஎரர், எந்த எண் என்பதும் அதிலேயே இருக்கும்.

லாட்கள்.கெட்(42) (கோடில் get என்றே எழுத வேண்டும்) 42 இல்லாவிட்டாலும் எரர் தராது, ‘நன்’ (None, ‘எதுவும் இல்லை’) தரும். அதைப் பாதுகாப்பு என்று நம்பிப் பலர் அங்கேயே .விலை ஒட்டிவிடுகிறார்கள். உடனே அட்ரிபியூட்எரர்: ‘நன்டைப்’புக்கு (‘நன்’னின் வகை) விலை இல்லையாம். சரி, எந்த லாட்? அதைச் சொல்லாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புற்றடி ஏலத்து லாட்டைப் போடிப் பட்டியலில் தேடியிருந்தால் தலைவலிதான்.

என் ஓட்டு சதுர அடைப்புக்கே. லாட் இல்லாதிருப்பது சகஜம் என்றால் மட்டும் கெட். ‘நன்’னா என்று பார்த்துவிட்டுப் புள்ளி வையுங்கள்.