வாடைக்காற்றில் நின்று எரிந்த நத்தார் விளக்குகள்

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துக் குருநகர், வாழ்க்கைப்பட்டது அங்கேயே கொழும்புத்துறை. இரண்டு இடத்திலும் கடல் கூப்பிடு தூரம். கிறிஸ்மஸை நாங்கள் நத்தார் என்போம். நத்தார்ச் சோடனைக்கு விளக்கு வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது வயரை. டிசெம்பர் என்றால் வாடைக்காற்றும் மழையும், காற்றோடு வருகிற உப்பும். மூன்று நத்தார் தாங்கிய விளக்குச் சரங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன் ஒரே கிழமையில் செத்துப்போன சரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2021 இல் நகரில் ஒரு கடையில் சரம் 450 ரூபாய்ப்படி ஆறு வாங்கினேன். பளிங்கு போன்ற மெல்லிய வயர், அரிசியளவு குமிழ்கள், தட்டையான இரண்டு முள் பிளக். அமலோற்பவ அன்னை திருநாளன்று மாலை மதிலில் கட்டி எரியவிட்டோம். ஒழுங்கைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்காம் நாள் மழையில் சிவப்பு முழுவதும் அணைந்தது. ஒரு நிறத்துக் குமிழ்கள் எல்லாம் ஒரே தொடரில் கோக்கப்பட்டிருந்தபடியால், ஒன்றின் கால் துருப்பிடித்ததும் அந்த நிறமே போய்விட்டது. ஆறாம் நாள் இரவு, மின் ஒழுகினால் தானாக மின்சாரத்தை நிறுத்துகிற ரிப் சுவிச் விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. பிளக்கைக் கழற்றிய பிறகுதான் வீட்டுக்கு வெளிச்சம் வந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அந்தச் சரத்தை மேசையில் போட்டு ஒரு குமிழின் அடியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே தலைமயிரை விட மெல்லிய நாலைந்து செப்பிழைகள், எல்லாம் பாசி பிடித்ததுபோல் பச்சை. குமிழின் கால்களை மூடியிருந்த பிளாஸ்ரிக் குழாயின் வாய் திறந்தே கிடந்தது. மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். 230 வோல்ட் ஓடுகிற வயர் அது. பிள்ளைகள் ஏறி விளையாடுகிற மதிலில் அதைக் கட்டியிருந்தேன் என்பதை நினைக்க இன்றைக்கும் நெஞ்சு பதைக்கிறது. விற்றவரிடம் கொண்டுபோனபோது, சோடனை விளக்குக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். மழை மாதத்தில் விற்கிற பொருளுக்கு அந்தப் பதில் போதாது.

அடுத்த ஆண்டு கஸ்தூரியார் வீதியில் வேறொரு கடைக்குப் போய், வெளியில் கட்டுவதற்கென்றே கேட்டேன். கடைக்காரர் கறுப்பு ரப்பர் வயர் போட்ட சரம் ஒன்றை எடுத்து எரியவிட்டு, அதன்மேல் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிக் காட்டினார். பத்து மீற்றர், நூறு குமிழ், விலை 1,900 ரூபாய். ஒவ்வொரு குமிழின் கழுத்தும் பசை வார்த்து அடைக்கப்பட்டிருந்தது. பெட்டியில் ஐபி 44 என்று போட்டிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள், வெள்ளத்தில் கிடக்கலாம் என்பதல்ல. எனக்கு மிகவும் பிடித்தது அதன் அடப்டர். அது விறாந்தைக்குள் இருக்கும். வெளியே போவது 31 வோல்ட் மட்டும். எட்டுச் சரம் வாங்கினேன். ஒரு ஆசிரியையின் சம்பளத்தில் அது பெரிய செலவுதான். ஆனாலும் அந்த 31 வோல்டுக்காகவே கொடுத்தேன்.

மின்கட்டணத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சரம் 6 வாட், எட்டுக்கும் 48 வாட். மாலை ஆறு மணி முதல் பதினொரு மணிவரை எரித்தால் இரவுக்கு கால் அலகு கூட இல்லை. டிசெம்பர் 8 முதல் மூவிராசாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை முப்பது நாளுக்கும் 7.2 அலகு. என் சிறுவயதில் அப்பா 15 வாட் நிறக்குமிழ்கள் இருபது கட்டுவார். அதே நேரம் எரித்தால் ஒரு இரவுக்கே ஒன்றரை அலகு.

அந்த இருபது குமிழ்களும் பிறகு பெட்டிக்குள் போய்விட்டன. 1990 இல் போரினால் மின்சாரம் நின்றது. அதன்பின் பல நத்தார்களுக்கு எங்களிடம் இருந்தது ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு மட்டும். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, வானத்தில் விமானம். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. 1993 நவம்பரில் புனித யாகப்பர் ஆலயத்தின்மேல் குண்டு விழுந்தது. அந்த ஆண்டும் அப்பா மூங்கில் சிலாகையில் நட்சத்திரம் கட்டி, தாள் ஒட்டி, முற்றத்து மரத்தில் ஏற்றினார். உள்ளே விளக்கு வைக்கவில்லை. பாலன் குடிலுக்கு முன்னால் மட்டும் போத்தல் விளக்கை வைத்து, அதன் வெளிச்சம் யன்னலுக்குப் போகாமல் ஒரு பலகையைச் சாத்திவைத்தார். தெருவைப் பார்த்து விளக்குக் கட்டுவதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று என் பிள்ளைகள் கேட்டால் அந்தப் பலகையைத்தான் சொல்வேன்.

குறைகளையும் சொல்கிறேன். சரத்துக்கொரு அடப்டர் என்பதால் எட்டுப் பிளக் வேண்டும். இரண்டு எக்ஸ்டென்ஷன் கோட் இல்லாமல் முடியாது. எட்டு விதமாக மின்னுகிற பொத்தானுக்கு ஞாபகம் இல்லை. மின்சாரம் நின்று வந்தால் முதலாவது விதத்துக்கே போய்விடும். நின்று எரிகிற வெளிச்சம் வேண்டுமென்றால் ஒவ்வொரு அடப்டரிலும் ஏழு முறை அழுத்த வேண்டும். 2022 டிசெம்பரில் பெரும்பாலான நாட்களில் மின்வெட்டு இருந்தது. எட்டு அடப்டர், ஏழு அழுத்தல், மின்வெட்டு வந்த ஒவ்வொரு இரவும். என் மகள் அதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டாள்.

நிறம் கேட்டால் மஞ்சள் கலந்த வெள்ளையைச் சொல்வேன். நீலம் கலந்த வெள்ளை மழைநாளில் கண்ணைக் குத்துகிறது, குடிலில் வைக்கோலின் நிறத்தையும் கெடுக்கிறது. மலிவான சரங்களை வீட்டுக்குள் மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஆள் இருக்கும்போது மட்டும்.

2023 இல் நத்தாரும் சைவர்களின் திருவெம்பாவை நாட்களும் ஒன்றாக வந்தன. முன்வீட்டு அக்கா மதிலடிக்கு வந்து, "விடிய நாலு மணிக்குப் பிள்ளைகள் சங்கு ஊதிக்கொண்டு வருவார்கள், ஒழுங்கை முழுக்க வெள்ளம், உங்கள் லைற்றைப் போட்டுவிடுவீர்களா?" என்று கேட்டார். அந்த நாட்களில் அலாரம் வைத்து எழுந்து போட்டேன். பாட்டோடு வந்த பிள்ளைகள் எங்கள் மதில் வெளிச்சத்தில் வெள்ளத்தைப் பார்த்துக் கால் வைத்துப் போனார்கள்.

கழற்றியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, மட்டையில் சுற்றிவைக்கிறேன். மூன்று நத்தாரில் எட்டில் ஏழு சரம் புதிதுபோல எரிகின்றன. எட்டாவதில் குமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடப்டர் மட்டும் செத்துவிட்டது. தனி அடப்டர் கொழும்பிலிருந்து எடுத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.