டியூப் எரிவதைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதீர்கள்

கஸ்டமாக ஒரு பேஸ் கிட்டாரோ, ரெக்கார்டிங்குக்கு ஒரு வால்வ் ஆம்ப்போ (டியூப் என்றும் சொல்லும் கண்ணாடிக் குழாய்களால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) செய்து வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஒரே ஆளிடம் ஐந்து கம்பி பேஸ் ஒன்றும், "ஃபுல் வால்வ்" என்று சொல்லி விற்ற 30 வாட் ஆம்ப் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல். பேஸில் சுருதி சேரவில்லை. ஆம்ப்பில் வால்வ் இருக்கிறது, ஆனால் அதற்கு அங்கே வேலையே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர் செய்திருந்த வேலையை எழுதுகிறேன், அடையாளம் தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் காலத்தில் வால்வ் எதற்கு, கம்ப்யூட்டரில் அதே சத்தத்தைத் தரும் ப்ளகின் சாஃப்ட்வேர் போதாதா என்று கேட்பார்கள். பல பாட்டுக்குப் போதும். ஆனால் ஐந்து கம்பி பேஸின் பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ், ஈ கம்பி 41. ஃபோன் ஸ்பீக்கரில் இவை எட்டிக்கூடப் பார்க்காது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபைக் கொஞ்சம் முக்க வைத்தால் ஈ கம்பிக்கு மேலே 82, 123 என்று அதன் மடங்குகளாக ஹார்மோனிக்ஸ் சேரும், அதை வைத்துக் காது கீழ் ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஓங்கி அடித்த நோட்டையும் டியூப் தானாகவே அமுக்கிக் கொடுக்கும். ஆம்ப் இல்லாமல் நேராக எடுக்கும் டிஐ ஒரு டிராக், மைக் வைத்த ஆம்ப் ஒரு டிராக் என்று எடுத்துக் கலப்பவர்களுக்கு இந்த இரண்டாவது டிராக்கின் அருமை தெரியும். நான் பணம் கொடுத்தது அதற்குத்தான்.

விற்றவருக்கும் இது நன்றாகத் தெரியும். "ஆம்பெக் பி-15 சர்க்யூட்டை அப்படியே எடுத்திருக்கேன் ப்ரோ. ரெண்டு 6எல்6, ஹேண்ட் வயர்டு" என்றார். 6எல்6 என்பது ஒரு பவர் டியூப் வகை. பி-15 என்பது அமெரிக்க ஆம்பெக் கம்பெனியின் 1960இல் வந்த பேஸ் ஆம்ப், ஸ்டுடியோக்காரர்கள் இன்றும் தேடி அலைகிற பெட்டி. அறுபதுகளின் பி-15என் மாடலில் முன்பகுதி டியூப் 6எஸ்எல்7. இவர் அனுப்பிய படத்தில் இருந்தது 12ஏஎக்ஸ்7 என்ற வேறொரு சின்ன டியூப். கேட்டேன். "மாடர்ன் அப்டேட் ப்ரோ" என்று உடனே பதில் வந்தது. முழுப் பணமும் போன பிறகு ப்ரோ போய் சார் வந்துவிட்டது, அது தனிக் கதை.

பெட்டி வந்தது. ஒரு கையால் தூக்கி மேசைமேல் வைத்தேன், நாலு கிலோகூடத் தேறாது. ஸ்விட்ச் போட்ட அடுத்த நொடியே சத்தம் வந்தது. டியூப் ஆம்ப் வாசித்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. உள்ளே ஹீட்டர் என்ற இழை சூடாகி, கேத்தோடு என்ற உலோகக் குழல் எலக்ட்ரானை விட ஆரம்பிக்கவே பத்து இருபது நொடியாவது ஆகும், அதுவரை ஸ்பீக்கர் ஊமை. இதுவோ எஃப்எம் ரேடியோ மாதிரி டக்கென்று பேசியது. பின்னால் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ஜாக், அதன்மேல் "4–8 ஓம்" என்று ஒரு ஸ்டிக்கர். டியூபையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பில் 4, 8 என்று தனித்தனி ஜாக்கோ, மாற்றுவதற்கு ஒரு ஸ்விட்ச்சோ பெரும்பாலும் இருக்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம், வால்வ் ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தூக்கிப் பார்த்ததுமே, "தம்பி, இதுல இரும்பே இல்லையே" என்றார். கழற்றினால் அவர் சொன்னதுதான். பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. ஒரு ஓரத்தில் சின்ன எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற பவர் சப்ளை), நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கிளாஸ்-டி போர்டு (டியூப் இல்லாமல் சிப்பால் சத்தத்தைப் பெருக்குவது), அதன்மேல் ஒரு ஹீட் சிங்க். 6எல்6 டியூப்கள் இரண்டின் சாக்கெட்டிலும் 2, 7 ஆகிய பின்களுக்கு மட்டும் ஒயர் போயிருந்தது. அவை ஹீட்டர் பின்கள். டியூபை வேலை செய்ய வைக்கும் பிளேட் வோல்டேஜ் வர வேண்டிய 3ஆம் பின் புத்தம் புதுசாகப் பளபளத்தது, ஈயம் பட்ட அடையாளமே இல்லை. அதாவது டியூப் எரியும், கை வைத்தால் சுடும், அவ்வளவுதான். 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டின் நடு ஓட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு எல்இடி! பெரியவர் பவரை அணைத்து, ஆறவிட்டு, இரண்டு 6எல்6-ஐயும் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தார். பேஸ் அதே சத்தத்தில் பாடியது. அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது, புகாரோடு சேர்த்திருக்கிறேன்.

முன்னால் டியூப், பின்னால் கிளாஸ்-டி என்ற ஹைப்ரிட் ஆம்ப்களில் நல்ல பெட்டிகள் நிறைய இருக்கின்றன. அப்படிச் சொல்லி, அந்த விலைக்கு விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? 2022இல் ரஷ்ய ஏற்றுமதித் தடையோடு டியூப் விலை எகிறியதைக் காரணம் காட்டி என்னிடம் கூடுதலாக வேறு வாங்கினார். எந்தச் சத்தமும் கடந்து போகாத டியூபுக்கு.

வாங்குவதற்கு முன் வீடியோ கால் போட்டு, ஆறிய ஆம்ப்பை ஆன் செய்து உடனே வாசிக்கச் சொல்லுங்கள். எடையைக் கேளுங்கள், பின்மூடியைக் கழற்றி உள்ளே டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் கையில் இருக்கும் ஆம்ப்பை நீங்களே திறக்க வேண்டாம். அசல் வால்வ் ஆம்ப்பாக இருந்தால் ஒயரைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 400 வோல்ட் நிற்கலாம். அதேபோல ஸ்பீக்கர் மாட்டாமல் டியூப் ஆம்ப்பை ஓட்டிப் பார்க்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இனி பேஸ். நான் கேட்டது 35 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), கீழ் பி இறுக்கமாக நிற்க வேண்டும் என்பதற்காக. 35 இன்ச் என்றால் 889 மில்லிமீட்டர், கழுத்தின் மேல்முனையில் கம்பி பதியும் நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் (விரலால் அழுத்தும் இடத்தின் குறுக்குக் கம்பி) சரியாக அதன் பாதியில், 444.5இல் இருக்க வேண்டும். இருந்தது. அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் வரைக்கும் கிட்டத்தட்ட அதே அளவோடு ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும், தடித்த கம்பிக்கு இன்னும் கொஞ்சம். இதிலோ மெல்லிய ஜி கம்பியின் சேடிலை முட்டுகிற வரை முன்னால் தள்ளியும் 453 காட்டியது. பிரிட்ஜையே பின்னால் தள்ளித் திருகியிருக்கிறார். திறந்த கம்பியை டியூன் செய்துவிட்டு 12இல் அழுத்தினால் டியூனரின் ஊசி இடப்பக்கமே, அதாவது சுருதி குறைவாகவே, படுத்துக் கிடந்தது. கீபோர்டோடு சேர்ந்து வாசித்தால் மேல் ஃப்ரெட்டெல்லாம் அபஸ்வரம். சொன்னதற்கு, "ஹேண்ட்மேட்ல அப்படித்தான் சார் இருக்கும், வாசிக்க வாசிக்கச் செட் ஆயிடும்" என்றார். மரத்தில் அடித்த திருகு வாசிக்க வாசிக்க நகருமா?

பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) கையால் சுற்றியது, காந்தம் அல்னிகோ 5 என்றார். கழற்றிப் பார்த்தால் சாதா இரும்புத் துண்டுகள், அடியில் கறுப்பு செராமிக் காந்தப் பட்டை இரண்டு ஒட்டியிருந்தது. செராமிக் மட்டமென்று இல்லை, கேட்டது அது இல்லை. நெக் மரம் சரியாகக் காயவில்லை போல, மழைக்காலம் வந்ததும் பி கம்பிப் பக்கம் முறுக்கிக்கொண்டது. நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பி வளைவைத்தான் சரி செய்யும், முறுக்கலை ஒன்றும் செய்யாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் புதுசாக ஒன்று நீட்டினார். "அமெரிக்கால இருந்து வந்த பழைய ஒரிஜினல் ஆம்ப் இருக்கு சார், எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம்." இரண்டு பின் பிளக், 117 வோல்ட் என்று எழுதிய பழைய பெட்டி, கூடவே நம் 230 வோல்ட்டைக் குறைக்க ஒரு குட்டி ஸ்டெப் டவுன். படத்தைப் பார்த்ததும் பெரியவர் தலையில் கைவைத்தார். அந்தக் காலத்து ஆம்ப்களில் மின்சார லைனுக்கும் ஆம்ப்பின் உலோகச் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் இருக்கும், அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியைத் தொடும் கையில் கரன்ட். இங்கே விற்கிற மலிவு ஸ்டெப் டவுன்களில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள், லைனைப் பிரித்துத் தராது. மூன்று பின் எர்த் ஒயர் போட்டு, அந்தக் கெபாசிட்டரை எடுத்துவிட்டு, பழைய ஃபில்டர் கெபாசிட்டர்களையும் மாற்றாமல் இப்படிப்பட்ட பெட்டியைச் சொருகவே கூடாது. இதையெல்லாம் செய்திருக்கிறாரா என்று கேட்டேன். "அதெல்லாம் தொட்டா ஒரிஜினாலிட்டி போயிடும் சார்" என்றார். ஏமாற்றுவது ஒரு பக்கம் இருக்கட்டும், இது ஆளையே கொல்கிற பேச்சு.

கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது என்று பில்லில் அச்சடித்திருக்கிறார். பிடிக்கவில்லை என்று திருப்புவதற்கு வேண்டுமானால் அது செல்லும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் செல்லாது என்பதுதான் வக்கீல் சொன்னது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஃபோன் செய்து பதிவு செய்தேன், அவர் எந்தப் பதிலும் தராததால் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன்.

இவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு "ஃபினிஷிங் போயிட்டிருக்கு" என்ற படங்களை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. மீதியை அனுப்பும் முன் பேஸின் மேல் டேப் வைத்து, நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட், அங்கிருந்து சேடில் என்று இரண்டு அளவும் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். "ஃபோன்ல பேசிக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே பொருள் வந்து இதே கதை என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், ஆனால் மூடியைத் திறக்கும் வேலை ஒரு மெக்கானிக்குடையதாக இருக்கட்டும்.