சாமான் வானா, ஏழு சீற்றா? நிசான் இ-என்வி200 இரண்டையும் வன்னியில் ஓட்டிப் பார்த்தபின்

முதலே சொல்லிவிடுகிறேன்: வன்னியில் கடை நடத்துபவராக இருந்தாலும் ஏழு சீற் உள்ளதையே எடுங்கள். சாமான் வான் சரிவருகிற ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கொஞ்சப் பேர்தான்.

நிசான் 2014இல் இ-என்வி200 என்ற இந்த மின்சார வானை விற்கத் தொடங்கியபோதே இரண்டு விதமாகத்தான் கொண்டுவந்தது. பின்பக்கம் வெறும் பெட்டியாக ஒன்று, கண்ணாடியும் சீற்றும் வைத்து ஆட்கள் போவதற்கு இன்னொன்று. அடியில் இரண்டுக்கும் அதே 80 கிலோவாற் மோட்டார், அதே பற்றரி (முதலில் 24 கிலோவாற் மணி, பிறகு 40). அதனால் இழுவை எப்படி, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்று ஒப்பிடுவது வீண். கிளிநொச்சியில் மச்சான் வைத்திருப்பது யப்பானில் ஓடிவந்த 24 பற்றரிச் சாமான் வான், பரந்தனில் அவருடைய கூட்டாளியிடம் இருப்பது ஏழு சீற். புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அத்தானுக்கு ஒன்று எடுக்க வேண்டும் என்பதால் இரண்டையும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தேன்.

அத்தான் முதலில் கேட்டது "எத்தனை மூடை ஏறும்?" என்றுதான். ஐரோப்பாவில் விற்ற சாமான் வானுக்கு 4.2 கன மீற்றர் இடம், ஏறக்குறைய 700 கிலோ பாரம் என்று கணக்கு. 50 கிலோ அரிசி மூடை பதினான்கு ஏற்றினால் பாரம் முடிந்துவிடும், ஆனால் பெட்டியில் முக்கால்வாசி இடம் அப்படியே கிடக்கும். ஏழு சீற்றில் நடு வரிசையை முன்னுக்கு மடித்து, கடைசி வரிசையை இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டினால் நல்ல இடம் வருகிறது. ஏழு பேர் ஏறினாலே ஐந்நூறு கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும் அல்லவா, அப்படிப் பார்த்தால் ஓட்டுபவர் போக எட்டு ஒன்பது மூடை தாங்கும். ஆக அரிசி, சீனி, மா, சீமெந்து என்று பாரமான பொருள் விற்பவருக்குச் சாமான் வானால் கிடைக்கும் இலாபம் ஐந்தாறு மூடைதான். அதற்காக ஐந்து சீற்றை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் தூரம். எங்கள் பக்கம் சாமான் தூரத்தில் இருந்து வருகிறது, ஆட்கள் பக்கத்தில் போய்வருகிறார்கள். மரக்கறி தம்புள்ளையில் இருந்து வரும், கிளிநொச்சியில் இருந்து அது 180 கிலோமீற்றர் அளவில் இருக்கும். மிச்சப் பலசரக்குக் கொழும்பில் இருந்து. அதையெல்லாம் இரவோடு இரவாக லொறிக்காரர் கொண்டுவந்து இறக்குகிறார், அவருடைய வேலையை இந்த வான் செய்யவே செய்யாது. பற்றரி புதிதாக இருந்தபோதே யூனிற்றுக்கு (ஒரு கிலோவாற் மணிக்கு) ஐந்து ஆறு கிலோமீற்றர் என்று பார்த்தால் 24க்கு 120 அல்லது கொஞ்சம் கூட, இப்போது பழசில் அதுவும் வராது. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போய் இடையில் சார்ஜ் போடாமல் திரும்பி வர நினைக்கவே வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரி கிளினிக், ரியூசன், பள்ளிக்கூட ஹயர், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பரந்தன்–முல்லைத்தீவு வீதி முழுக்க ஓடினாலும் ஐம்பதைச் சற்றுத் தாண்டும், அதுவும் மேடு பள்ளம் இல்லாத நிலம், பற்றரிக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிசானின் லீஃப் மின்சாரக் காரில் பற்றரியைக் குளிர்விக்க ஒன்றும் இல்லை, இந்த வானில் ஏசிக் காற்றை வைத்துக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறது, பங்குனி சித்திரையில் அது பெரிய விஷயம். ஆனால் சாமான் வானின் பெட்டிக்குள் பின்னேரம் கையை வைத்தால் சுடுகிறது. சொக்லேற், மாஜரீன் எல்லாம் உருகிவிடும் என்று மச்சானே சொல்கிறார். இன்னொன்று, எஞ்சின் சத்தம் இல்லாததால் வெறும் வானின் ஒவ்வொரு கடகடப்பும் காதுக்குள் வந்து விழுகிறது, கிரவல் ஒழுங்கையில் தலையிடி வரும். சீற்றும் மெத்தையும் உள்ளதில் அது குறைவு. வீதியில் படுத்திருக்கும் மாடுகளோ இரண்டுக்கும் எழும்பாது, ஹோர்ன்தான்.

சாமான் வான் யாருக்கு என்றால், பாரம் குறைவாக இடம் கூடவாக வேண்டியவர்களுக்கு. பாண் பணிஸ் போடும் பேக்கரிக்காரர், மிக்ஸர் பிஸ்கற் விநியோகம், பிளாஸ்ரிக் சாமான். முல்லைத்தீவில் மீன் எடுத்து ஐஸ் பெட்டியோடு ஊர் ஊராகப் போடுபவரும் இதைத்தான் எடுக்க வேண்டும், அந்தத் தண்ணீரும் மணமும் சீற்றில் பட்டால் பிறகு எந்தப் பிள்ளையும் ஏறாது. வடிகட்டிய தண்ணீர் வீடு வீடாகக் கொடுப்பவர் யோசிக்க வேண்டும்: 20 லீற்றர்க் கான் முப்பது என்றால் 600 கிலோ, திரும்பவும் பாரம்தான் முதலில் முடியும்.

சார்ஜ் விஷயம் இரண்டுக்கும் ஒன்றே. வீட்டுப் பிளக்கில் 3 கிலோவாற் அளவில் போட்டால் 24 பற்றரி நிரம்ப ஓர் இரவு வேண்டும். 6.6 கிலோவாற்றில் ஏற்றலாம் என்பார்கள், ஆனால் நம்முடைய வீட்டு இணைப்பு 30 அம்பியர், வேறு எதையும் போடாமல் இருட்டில் இருக்க வேண்டியதுதான். மாலை 6.30 முதல் 10.30 வரை மின்சாரசபைக்கே உச்ச நேரம், லைன் முடிவில் இருக்கும் வீடுகளில் அப்போது வோல்ற்றேஜும் இறங்குகிறது, அதற்குப் பிறகு போடுவது நல்லது. கூரையில் சோலர் உள்ளவர் பள்ளிக்கூட ஹயர் ஓடினால் இன்னும் நல்லது, காலைக்கும் பின்னேரத்துக்கும் நடுவில் வண்டி சும்மாதானே நிற்கிறது. யப்பான் வண்டிக்குள் 1500 வாற் வரை எடுக்கக்கூடிய பிளக் இருக்கும், அதைக் காட்டி விற்கிறார்கள். அது 100 வோல்ற், எங்கள் சாமான் 230. மின்மாற்றி ஒன்று வாங்காமல் அதில் ரைஸ் குக்கர் போட முடியாது.

காசு இருந்தால் 40 பற்றரி உள்ளதைப் பாருங்கள். பழைய ஐரோப்பிய அளவீட்டில் அதற்கு 280 கிலோமீற்றர், புதிய அளவீட்டில் 200. விளம்பரத் தூரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது நல்ல அளவுகோல். பிவைடி எம்6 என்ற சீன மின்சார வண்டிக்கு 420, 530 என்று சொல்வதும் அந்தப் பழைய அளவீட்டில்தான், அதிலும் அதேபோலக் கழித்துத்தான் நான் பார்ப்பேன். அப்படிக் கழித்தாலும் சின்னப் பற்றரிக்கே 300 நிற்கிறது, யாழ்ப்பாணம் போய்வரலாம், விலைதான் வேறு உலகம். ஃபோக்ஸ்வாகன் ஐடி பஸ் என்ற மின்சார வானிலும் சாமானுக்கு ஒன்று ஆட்களுக்கு ஒன்று என்று உண்டு, அதைப் படத்தில் பார்த்து ரசிக்கலாம்.

பழசு எடுப்பவர் மீற்றரின் ஓரத்தில் பற்றரி எவ்வளவு நல்லது என்று காட்டும் பன்னிரண்டு கட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, அதை மீளமைத்து விற்பவர்களும் உண்டு, மச்சானுக்கு விற்றவரும் அந்தக் கூட்டம்தான் என்று எனக்குச் சந்தேகம். லீஃப் ஸ்பை என்ற செயலியைப் போட்டுப் பற்றரியின் நிலையைப் பாருங்கள். அப்புறம் முழுச் சார்ஜ் போட்டு, ஏசியும் போட்டு, கிளிநொச்சியில் இருந்து மாங்குளம் போய்த் திரும்பி எத்தனை வீதம் இறங்கியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு வான் பாருங்கள்.