அம்மாச்சிப் பிட்டும் ஏ9 வீதி பில்லும்

வன்னியில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக எழும்பக்கூடிய இடம் அம்மாச்சி உணவகம். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றிலும் பெண்கள் கண்முன்னே சமைத்துத் தருகிறார்கள். குரக்கன் பிட்டை அங்கேயே இருந்து சாப்பிடுங்கள், ஆறினால் இறுகிவிடும். தோசையைப் பார்சல் கட்டினால் லஞ்ச் சீற்றுக்குள் ஆவி பிடித்துத் தொய்ந்துபோகும். சம்பலையாவது தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

வரி அங்கேயும் ஒளிந்துதான் இருக்கிறது. சமையல் காஸுக்கு இருந்த வற் (பெறுமதி சேர் வரி) விலக்கு 2024 ஜனவரியில் எடுபட்டது. வற் பதிவில்லாத சமையலறைக்கு காஸுக்குக் கட்டும் அந்த 18 வீத வற் திரும்பக் கிடைக்காது, வடை விலைக்குள் போய்விடும்.

ஏ9 வீதியின் பெரிய, குளிரூட்டிய கடைகளில் கதை வேறு. 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 25.64 ரூபாய். வீதம் 2.5 தான், ஆனால் வரிக்காகக் கூட்டிய காசும் விற்பனையாகக் கணக்கில் வருவதால் 2.5641 ஆகிறது. பிறகு 1,025.64க்கு 18 வீத வற், 184.62. மொத்தம் 1,210.26. சேவிஸ் சார்ஜ் இருந்தால் அது புறம்பு. பங்களிப்பு வரி இல்லாவிட்டால் 1,180 தான். ஆக, 2.5 வீதம் என்று சொல்லும் வரி சாப்பிடுபவருக்கு 3 வீதத்துக்கு மேல் விழுகிறது.

வற் என்றாலாவது, பதிவுள்ள கடை தான் வாங்கிய பொருளுக்குக் கட்டியதை, சாப்பிடுபவரிடம் அறவிட்ட வற்றில் கழிக்கலாம். பங்களிப்பு வரியில் அந்தக் கழிவு கிடையாது. இறக்குமதியில் ஒருமுறை, மொத்த வியாபாரத்தில் ஒருமுறை, கடைசியில் சோற்றுக் கோப்பையில் ஒருமுறை என்று அது படிந்துகொண்டே வரும். இதே சுபாவமுள்ள 2 வீதத் தேச கட்டுமான வரியை 2019 டிசெம்பரில் நீக்கினார்கள். 2022 ஒக்டோபர் 1இல் அது வேறு பெயரில் 2.5 ஆகத் திரும்பியது. சமைத்த உணவிலிருந்தாவது இதை முதலில் நீக்க வேண்டும். தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் மத்தியானச் சாப்பாடு அது.

அதுவரை பில்லை மேலிருந்து கீழே வாசியுங்கள். 2024 ஜனவரியில் வற் பதிவு எல்லை வருடத்துக்கு 6 கோடி ரூபாய் விற்பனையாகக் குறைக்கப்பட்டது. சின்னக் கடை எதுவும் அதற்குக் கிட்டவும் வராது. வற் அறவிட்டால் பில்லில் 7000 என்று முடியும் பதிவிலக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் காசு கட்டுமுன் கேளுங்கள். இலக்கம் சரியானதா என்று உள்நாட்டு இறைவரித் திணைக்கள இணையத்தளத்தில் பார்க்கலாம்.